கையில் வாங்காத பனி

ஜுன்பொரா
செப்டம்பர் 22

அன்புத் தம்பி சனாவுல்லாவுக்கு அக்கா தாஜா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் ஷமீமாவும் ஸ்ரீநகரில் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

எல்லோரும் சுகம் என்று கை தானாக எழுதிவிட்டது. மச்சானைத் தவிர என்று சேர்த்துக்கொள். போன வெள்ளிக்கிழமை அக்ரூட் உலுக்க மரம் ஏறினார். வயதாகிறது, இந்த வருஷம் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வோம் என்று நானும் மகள் ரூஹியும் கெஞ்சினோம். மனிதர் கேட்டால்தானே. கிளை முறியவில்லை, கால்தான் வழுக்கியது. இடுப்பில் அடி. எலும்பு கட்டுகிறவர் வந்து பலகை வைத்துக் கட்டியிருக்கிறார். தோட்டம் தெரிகிற ஜன்னலோரமாகப் படுக்கையைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் திட்டுகிறார். நீ பதறி ஓடி வராதே.

இன்னொரு விஷயம். முதல் பனிப் பந்தயத்தில் இந்த வருஷம் உன் தில்லுமுல்லு செல்லாது. ஊரில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? முதல் பனி விழுந்ததும் ஒரு பிடி அள்ளிப் பொட்டலமாக மடித்து, ஏதோ பண்டம் போலக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். ஏமாந்து கையில் வாங்கினவன் தோற்றான், அவன் விருந்து வைக்கணும். அது மனிதர்கள் ஆடுகிற ஆட்டம். நீயோ வானிலை ஆபீசில் உட்கார்ந்துகொண்டு போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கடிதத்திலேயே பனி அனுப்பினாய். நாளை மறுநாள் முட்டளவு பனி என்று நீ எழுதியதை நம்பி நான் ஊர் முழுக்கச் சொல்லி, பக்கத்துத் தோட்டத்துக் காதர் பட் தன் வைக்கோல் அத்தனையையும் வீட்டுக்குள் ஏற்றி, அவர் மனைவி சமையலறையில் உட்கார்ந்தபடி தூங்கினாள். அதற்கப்புறம் இரண்டு வாரம் வெயில் காய்ந்தது. நம்பினது கையில் வாங்கினதற்குச் சமம் என்று சட்டம் பேசி என் சேவலைப் பிடித்துக்கொண்டு போனாய். அந்தச் சேவலை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே, இனி உன் கடிதத்தில் பனி என்ற சொல்லே வரக் கூடாது. வந்தால் அது ஆட்டம் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
சேவலைப் பறிகொடுத்த அக்கா
தாஜா

---

ஸ்ரீநகர்
அக்டோபர் 1

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி சனாவுல்லாவின் சலாம். இங்கே நாங்கள் நலம். மச்சானின் இடுப்பும் உன் வாயும் நலமாக வேண்டுகிறேன். முதலாவதற்குத்தான் அதிகம் வேண்டுகிறேன், இரண்டாவது எப்போதும் நலம்.

அக்கா, எலும்பு கட்டுகிறவரை நம்பிக்கொண்டிருக்காதே. மச்சானை இங்கே கூட்டி வா. எலும்பு ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஷமீமா மேல் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். படம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

உன் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன். அந்த வெள்ளைச் சாமானைப் பற்றி மூச்சு விட மாட்டேன். ஆனால் சேவல் நல்ல ருசி.

ஒரு நல்ல சேதி. இந்த மாதத்திலிருந்து மாலை ஏழரை மணிக்கு ரேடியோவில் வாசிக்கிற வானிலை அறிக்கையை எழுதுவது நான்தான். எங்கள் ஆபீஸ் பெரியவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், எழுதுவது நான். மச்சானிடம் சொல். ரேடியோவைத் தட்டித் திட்டுவாரே, இனிமேல் மச்சினனைத் திட்டுகிறோம் என்ற திருப்தியோடு திட்டட்டும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
சனா

---

ஜுன்பொரா
அக்டோபர் 12

அன்புத் தம்பிக்கு அக்காவின் சலாமும் துஆவும். இங்கே சுகம். நீ எழுதின சேதியைக் கேட்டு மச்சானுக்கு ஒரே பெருமை. ஏழரை மணியானால் ரேடியோவைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். வாசிப்பது வேறு ஆள் என்று சொன்னால் கேட்பதில்லை. "குரல் யாரோடதா இருந்தா என்ன, சொல்லு நம்ம சனாவோடது" என்கிறார்.

அவரை அங்கே கூட்டி வருவது ஆப்பிள் முடியட்டும், பார்க்கலாம். இப்போது அசைக்க வேண்டாம் என்று கட்டினவர் சொல்கிறார்.

தோட்டம்தான் என்னைச் சாப்பிடுகிறது. முன்பக்கத்துச் சிவப்பு ஆப்பிளைப் பாதி பறித்தாயிற்று. கூலியாட்கள் பெரிய தோட்டக்காரர்களிடம் போய்விட்டார்கள். நானும் ரூஹியும் இரண்டு ஏணியும்தான். பின்பக்கத்து மகாராஜி ஆப்பிள் உனக்குத் தெரியும், நவம்பர் பிறக்காமல் அதற்கு நிறமும் வராது, சாறும் வராது. இந்த வருஷம் இலை வேறு பச்சையாகவே நிற்கிறது, மரம் உதிர்க்க மனசில்லாமல் இருக்கிறது. மச்சான் ஜன்னலிலிருந்து அதிகாரம் செய்கிறார். மாமியாருக்கு முட்டுக் கொடு, கிணற்றடிக்கு இரண்டு முட்டு, ரூஹி மரத்தில் ஏணியைச் சாய்க்காதே, பட்டை உரியும். ஒவ்வொரு மரத்துக்கும் அவர் வைத்த பேர் இருக்கிறதே, வெளியாள் கேட்டால் வீட்டில் பத்துக் குடித்தனம் என்று நினைப்பான். புளிப்பாகவே காய்க்கிறது என்று ஒன்றுக்கு மாமியார் பேர் வைத்தார். என் மாமியார், அதாவது அவர் உம்மா, உயிரோடு இருந்தபோதே வைத்தார் என்பதுதான் விசேஷம்.

சனா, விளையாட்டில்லாமல் ஒன்று கேட்கிறேன். மகாராஜியை நவம்பர் பாதிவரை மரத்தில் விட்டுவைக்கலாமா? எங்கள் இரண்டு பேர் கை அதற்குள் போய்ச் சேராது. இந்த மரங்களை விட்டால் இனி எங்களுக்கு வேறு எதுவும் இல்லை. பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
தாஜா

---

ஸ்ரீநகர்
அக்டோபர் 20

அக்காவுக்கு சலாம். இங்கே எல்லோரும் நலம், குளிர் மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்திருக்கிறது. ஷமீமா இப்போதே கனல்சட்டியை எடுத்து ஃபிரன் அங்கிக்குள் வைத்துக்கொண்டாள்.

வேறு எதுவும் இல்லை என்று ஏன் எழுதுகிறாய்? மச்சான் வசந்தத்தில் எழுந்து ஏணியில் நிற்கப்போகிறார். அவருக்காக ஷமீமா பின்னிய கம்பளிக் காலுறை இதோடு வருகிறது. படுத்திருப்பவர்களுக்குக் கால்தான் முதலில் சில்லிடும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லலாம்தான். ஆனால் சொல்ல வேண்டுமானால் ஒரு சொல்லை எழுத வேண்டும். அந்தச் சொல்லை எழுதக் கூடாது என்று சட்டம் போட்டது யார்? நான் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவன், அக்கா. நீ பாட்டுக்குப் பறி. சாதாரணமாக அந்த நேரத்தில் நம் பக்கம் மழைதான் இருக்கும்.

அன்புடன்,
சனா

---

ஸ்ரீநகர்
அக்டோபர் 30

அன்பு அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் பதில் வருமுன்னே எழுதுகிறேன், ஆச்சரியப்படாதே.

சட்டத்தை உடைக்கப்போகிறேன். மேற்கே பெரியதாக ஒன்று புறப்பட்டிருக்கிறது. காபூல் பக்கத்திலேயே அது போடுகிற ஆட்டம் சரியில்லை. நவம்பர் நாலு, ஐந்து தேதிகளில் பனி விழும் என்று நினைக்கிறேன். மலையில் மட்டும் இல்லை, ஜுன்பொராவிலும். ஈரப் பனி, கனமான பனி. இலையோடு நிற்கிற மரம் தாங்காது. காய் எப்படி இருந்தாலும் பறித்துவிடு, முட்டு எல்லாவற்றையும் சரிபார், உலுக்குவதற்கு நீளக் கழிகளை எடுத்து வை.

சேவலுக்குப் போட்ட திட்டம் என்று நினைத்தால் நினைத்துக்கொள். பழைய சேவலின் தம்பி வளர்ந்திருப்பானே. பனி வந்தால் நான் கெட்டிக்காரன், வராவிட்டால் நீ விருந்து வைக்கத் தேவையில்லை, இந்த முறை தள்ளுபடி.

மச்சானுக்கு சலாம்.
சனா

---

ஜுன்பொரா
நவம்பர் 2

அடே சனா,

சலாம், சுகம், எல்லாம் சுகம். கடிதத்தைப் பிரித்ததும் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அதற்கும் சேர்த்து நீதான் கணக்குத் தீர்க்கணும்.

உனக்கு வெட்கமே இல்லையா? பத்து நாளைக்கு முன்னால் வாக்குத் தவறாதவன் என்று எழுதினாய். இப்போது காபூல் என்கிறாய், ஈரப் பனி என்கிறாய். போன தடவை எழுதினதும் ஏறக்குறைய இதே வார்த்தைதான், அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசியில் சேவலின் தம்பியைப் பற்றி வேறு விசாரணை.

ஆனாலும் ஒரு நிமிஷம் மனசு அடித்துக்கொண்டது, பொய் சொல்ல மாட்டேன். நீ சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று நாள்தானே என்று கழியை எடுக்கக்கூடப் போனேன். ஏழரை மணிக்கு மச்சான் ரேடியோவைத் திருப்பினார். உன் அறிக்கை வந்தது. சமவெளியில் லேசானது முதல் மிதமான மழை, மலைப் பகுதிகளில் பனிப்பொழிவு. மச்சான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "நாட்டுக்கெல்லாம் மழைய எழுதிட்டு அக்காவுக்கு மட்டும் பனிய எழுதியிருக்கான் பாரு. உன் தம்பிக்குக் கோழி ஆசை வந்துருச்சு" என்று சொல்லிச் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது நேற்றுத்தான். அதற்காகவே உனக்கு ஒரு சேவல் கொடுக்கலாம். ஆனால் கொடுக்க மாட்டேன்.

காலையில் காதர் பட்டைப் பார்த்தேன். என் தம்பி பனி அனுப்பியிருக்கிறான், கொஞ்சம் வாங்கிக்கொள்கிறீர்களா என்றேன். "போம்மா, போன தடவ வாங்குனதே இன்னும் கரையல" என்றார். கடைத்தெருவே சிரித்தது.

மகாராஜிக்கு இப்போதுதான் கன்னம் சிவக்கிறது. இன்னும் ஒரு வாரம் விட்டுப் பறிக்கலாம் என்று மச்சான் சொல்லிவிட்டார். உன் பனியை நான் கையில் வாங்கவில்லை, தெரிந்துகொள்.

ஷமீமாவுக்கு சலாம். காலுறை வந்தது.

இப்படிக்கு,
இந்த முறை ஏமாறாத அக்கா

---

தந்தி
ஸ்ரீநகர், நவம்பர் 4

விளையாட்டு இல்லை. இன்றே எல்லாம் பறி. சனா.

---

ஸ்ரீநகர்
நவம்பர் 9

அன்பு அக்காவுக்கு சலாம்.

நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? தந்தி கிடைத்ததா? உன் சிரிப்புக் கடிதம் என் கைக்கு நாலாம் தேதி காலையில்தான் வந்தது. அடுத்த நிமிஷமே தபால் ஆபீசுக்கு ஓடினேன். இங்கே சினார் மரங்கள் முறிந்து சாலையெல்லாம் கிடக்கின்றன. மின்சாரம் இல்லை. உங்கள் பக்கத்துப் பாதை மூடியிருக்கிறது என்கிறார்கள்.

பறித்துவிட்டீர்களா? முட்டு தாங்கியதா? ஒரு வரி எழுது, போதும்.

சனா

---

ஸ்ரீநகர்
நவம்பர் 21

அக்காவுக்கு,

சலாம். இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. பாதை திறந்து பத்து நாள் ஆகிறது என்று பஸ் டிப்போவில் சொன்னார்கள். உங்கள் ஷோபியான் பக்கத்துத் தோட்டங்களைப் பற்றி ஆபீசில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். நான் யாரிடமும் விவரம் கேட்பதில்லை.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த நேரத்தில் கொடுப்பது சிரமம் என்கிறார் பெரியவர். மச்சானுக்கு எப்படி இருக்கிறது? ரூஹியையாவது எழுதச் சொல்.

சனா

---

ஜுன்பொரா
டிசம்பர் 3

தம்பி சனாவுல்லாவுக்கு அக்கா எழுதுவது. சலாம். நீயும் ஷமீமாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எங்கள் சுகத்தைக் கேட்டிருந்தாய், எழுதுகிறேன்.

நாலாம் தேதி பகல் முழுக்க மழை. உன் ரேடியோ சொன்ன மழைதான். ராத்திரியும் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலை பஜ்ர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் நின்றது. மழை விட்டதென்று நிம்மதியாகப் புரண்டு படுத்தேன். பனிக்குச் சத்தம் கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? இந்த ஊரில் பிறந்தவள்தானே. அன்றைக்குத் தெரியாமல் போயிற்று.

முதல் மரம் முறிந்த சத்தத்தில்தான் எழுந்தேன். யாரோ கதவை உடைக்கிறார்கள் என்று நினைத்தேன். மச்சான் விழித்திருந்தார். "மாமியார் போயிட்டா" என்றார். ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை, இன்னும் இருட்டு. சத்தம் வந்த திசையை வைத்துச் சொல்கிறார்.

நானும் ரூஹியும் கழியோடு ஓடினோம். முழங்கால்வரை இருந்தது. ஒரு கிளையை உலுக்கினால் அத்தனையும் நம் தலையில்தான் விழுகிறது. ஒரு மரத்தை முடிப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் இரண்டு மரம் பிளக்கிறது. காயும் இலையும் பனியும் சேர்ந்து இழுத்தால் கிளை மட்டும் போவதில்லை, நடுத்தண்டு வேர்வரை இரண்டாகப் பிளந்து போகிறது. காதர் பட் தோட்டத்திலும், அதற்கு அந்தப் பக்கமும், ஊர் முழுக்க அதே சத்தம். நடுநடுவே ஜன்னலிலிருந்து அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. கிணற்றடி என்றார். கோணக்கழுத்து என்றார். மசூதிப் பக்கத்து ரெண்டும் என்றார். ரூஹி மரம் முறிந்தபோது அது என்னவென்று எனக்கே தெரிந்தது, அவள் அதன் அடியில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளை இழுத்துவிட்டேன். மரத்தை இழுக்க முடியவில்லை. அந்தப் பேரை அவர் சொல்லவில்லை. அதற்கப்புறம் எந்தப் பேரையும் சொல்லவில்லை.

மதியத்துக்குப் பனி நின்றது, வெயில்கூட வந்தது. முன்பக்கம் ஓரத்தில் நாலைந்து மரம் நிற்கிறது. அவ்வளவுதான் தோட்டம்.

உன் தந்தி எட்டாம் தேதி வந்தது. தபால்காரர் இடுப்பளவு பனியில் நடந்து வந்தார். எங்கள் ஊரில் தந்தி என்றால் மவுத்துதானே. "யாருன்னு தெரியல தாஜா, மனசத் தேத்திக்கம்மா" என்று சொல்லி அவரே பிரித்துப் படித்தார். படித்துவிட்டுத் தோட்டத்தைப் பார்த்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, தேநீர் குடிக்காமல் போய்விட்டார்.

இப்போது உனக்கு எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். எலும்பு கட்டுகிறவர் செப்டம்பரிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவர் இனி நடக்க மாட்டார், கால் இரண்டிலும் உணர்ச்சி இல்லை என்று சொல்லிவிட்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு எழுதினால் ஓடி வருவாய், உன் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும். ஷமீமா பின்னிய காலுறையில் ஒன்றை மாட்டினேன், ரூஹி கூப்பிட்டாள், போய்விட்டேன். மறு காலுக்கு மாட்டாததை மூன்று நாள் நானும் பார்க்கவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அவர் நிற்காவிட்டாலும் அந்த மரங்கள் நிற்கும், ஆயுசுக்கும் எங்களுக்குச் சோறு போடும் என்று நினைத்தேன். அதனால்தான் உன்னிடம் விளையாட்டில்லாமல் கேட்கிறேன் என்று எழுதினேன். நீ விளையாட்டாகப் பதில் எழுதினாய்.

சனா, நாள் முழுக்க இதையே யோசிக்கிறேன். எனக்கு எழுதினது உண்மை என்றால் ரேடியோவுக்கு எழுதினது என்ன? ரேடியோவுக்கு எழுதினது உண்மை என்றால் எனக்கு எழுதினது என்ன? உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பனி பெய்தால் அது எச்சரிக்கை, பெய்யாவிட்டால் வேடிக்கை. எப்படி ஆனாலும் உன்மேல் பழி வராத மாதிரி எழுதியிருக்கிறாய். சேவலை எதற்கடா எழுதினாய்?

மத்தியான பஸ்ஸில் ஏறினால் சாயங்கால அஸர் தொழுகைக்கு இங்கே இருக்கலாம். நீ வந்து வாசலில் நின்று சொல்லியிருந்தால் நாங்கள் யாரும் சிரித்திருக்க மாட்டோம்.

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

தாஜா

---

ஸ்ரீநகர்
டிசம்பர் 13

மதிப்பிற்குரிய அக்காவுக்கு சலாம். இங்கே நலம்.

உன் கடிதத்தை ஷமீமாவிடம் காட்டவில்லை. மச்சானைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருவரை விசாரித்தேன். நேரில் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில். நவம்பர் முதல் வாரத்தில் கீழே சமவெளியில் பனி விழுவது எங்கள் பழைய பதிவுகளில் மிக அரிது. என் கணக்கில் அது தெரிந்தது. ஆனால் கணக்கு பல தடவை பொய்த்துமிருக்கிறது. சமவெளியிலும் கனத்த பனி என்றுதான் முதலில் எழுதினேன். பெரியவர் பார்த்துவிட்டு, "எழுது, எனக்கொண்ணும் இல்ல. நாளைக்கு வெயிலடிச்சா ஊருக்கு நீ பதில் சொல்லுவியா?" என்று கேட்டார். அவர் அந்த வரியை அடிக்கவில்லை, அக்கா. நான்தான் அடித்து, மழை என்று மாற்றி எழுதினேன். அப்போது அதுதான் சரி என்று பட்டது. ஒருவேளை விழுந்தால் நீயாவது பறித்துவிட வேண்டும் என்று உனக்குத் தனியாக எழுதினேன். வந்து சொல்லியிருக்கலாம். வந்து, அப்புறம் வெயிலடித்திருந்தால் காதர் பட்டின் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு தயக்கம்.

சில இடங்களில் பிளந்த தண்டை இரும்புக் கம்பியால் கட்டி, களிமண் பூசி வைத்தால் ஓரளவு பிழைப்பதுண்டு என்று தோட்டக்கலைக்காரர் ஒருவர் சொன்னார். முயன்று பார்க்கலாம்.

விடுப்பு இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் நான் அங்கே வர வாய்ப்பு இருக்கிறது.

சனாவுல்லா

---

ஜுன்பொரா
டிசம்பர் 26

தம்பிக்கு அக்காவின் சலாம். உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன்.

வர வாய்ப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தாய், மழையைப் பற்றி எழுதுகிற மாதிரி. வாரம் போய்விட்டது. நீ வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கம்பி கட்டிப் பார்த்தோம். கட்டின இடத்துக்கு மேலே எல்லாம் கறுத்துவிட்டது. கன்று வைக்கலாம் என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். வைத்தால் காய்க்கப் பத்து வருஷம், நிறையக் காய்க்கப் பதினைந்து. குழி தோண்டுவது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. ரூஹி ஏணியை எடுத்துப் போய்க் காதர் பட்டிடம் விற்றுவிட்டு வந்தாள். அவர் தோட்டத்திலும் ஏற ஒன்றும் இல்லை, எங்களுக்காக வாங்கிக்கொண்டார். ஆனால் வீட்டுக்குள் வருவதில்லை. "உன் தம்பி முன்கூட்டியே எழுதியிருக்கான். அத எங்கிட்டச் சிரிச்சுக்கிட்டுத்தான சொன்ன, தாஜா?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு தடவை கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஊரே அப்படித்தான் கேட்கிறது. ரேடியோவை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, என்னைத்தான் சொல்கிறார்கள்.

மச்சான் ரேடியோவைத் துணியில் சுற்றி அலமாரிமேல் வைக்கச் சொல்லிவிட்டார். ஜன்னலுக்குப் போர்வை மாட்டச் சொன்னார், மாட்டிவிட்டேன். பகலிலும் விளக்குத்தான். உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னார். உன்னைப் பற்றி அவர் பேசினது அவ்வளவுதான்.

வெட்டின மரமெல்லாம் சுவரோரம் கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. மூன்று குளிர்காலத்துக்குப் போதும். ஆனால் எரிக்க முடியவில்லை. பெருங்குளிர் தொடங்கின அன்று ஒரே ஒரு துண்டை அடுப்பில் வைத்தேன். ஆப்பிள் விறகு எரிந்தால் வருகிற வாசனை உனக்குத் தெரியும். உள்ளேயிருந்து, "தாஜா, அது யாரு?" என்று கேட்டார். எந்த மரம் என்று கேட்கவில்லை, யாரு என்று கேட்டார். கட்டையை அடுப்பிலிருந்து இழுத்து அணைத்துவிட்டேன். அந்தக் கரியில் கனல்சட்டி போட்டுக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறார். சாணியும் சருகும் எத்தனை நாளைக்கு வரும்? அவர் விரல்கள் நீலமாக இருக்கின்றன. கால் சில்லிடுவது தெரியாதவருக்குக் கை சில்லிடுவது தெரிகிறது.

நம் பந்தயத்தை யோசித்துப் பார்த்தேன். நம்பினது கையில் வாங்கினதற்குச் சமம் என்பது நீ போட்ட சட்டம். இந்த வருஷம் முதல் பனியை நீ கொடுத்தாய், நான் வாங்கவில்லை. சட்டப்படி ஜெயித்தது நான்தான். விருந்து நீதான் வைக்கணும்.

கோழி வேண்டாம், சோறும் வேண்டாம். ஒரு சுமை விறகு வேண்டும். ஆளிடம் கொடுத்தனுப்பாதே, பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு நீயே வா. பைன், வில்லோ, எந்த மரமானாலும் சரி.

ஆப்பிள் மட்டும் வேண்டாம்.

இங்கே எல்லோரும் சுகம்.

அக்கா,
தாஜா